வல்லரசுப் போட்டியும் வன்னி நாடும்

யாம் கல்லூரியிற் பயின்ற நாட்களில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்தோறும் மாணவர் மன்றம் கூடுவது வழக்கம். அங்கே சொற்போருக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள்களுள் ஆண்டுக்கொரு முறையேனும் தவறாது வருவது ஒன்றுண்டு: உலகுக்கு நலந்தருவது அமெரிக்காவின் வழியா, சோவியத்து நாட்டின் வழியா என்பதே அது. யாம் ஓராண்டு ஒரு கட்சியிலும் மறு ஆண்டு எதிர்க்கட்சியிலும் நின்று வாதித்தோம். இரு முறையும் கைதட்டலுக்குக் குறைவிருக்கவில்லை. வாசிங்டனும் மொஸ்கோவும் அக்காலத்தில் எமக்கு அடுத்த தெரு. ஆனையிறவுக்கு அப்பாலுள்ள வன்னியைப் பற்றியோ, அம்மேடையில் ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கேட்டிலோம். பின்னர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, அதன் பெரும்பகுதியைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கழித்து, இல்லாள் வழியாகக் கிடைத்த மூன்று ஏக்கர் வயலுக்கு இரணைமடுக் குளத்து நீரை எதிர்பார்த்து நிற்கும் கமக்காரருள் ஒருவராகவும் ஆனோம்.

இவ்விழா மலருக்கு இன்றைய உலக அரசியல் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்துள்ளனர். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே மூண்டுள்ள போட்டி, உருசியா 2022 பெப்ரவரியில் உக்கிரேன்மீது தொடுத்த போர், சனநாயக நாடுகள் தம்முள்ளேயே தளர்ந்துவருகின்றன என்ற கவலை ஆகியன அவர்கள் தந்த குறிப்பில் அடங்கியிருந்தன. பெரிய தலைநகரங்களில் இருந்து நோக்கி எழுத வல்லார் பலர் உளர். யாம் இரணைமடு அணைக்கட்டில் நின்று நோக்குகின்றோம். அங்கிருந்து பார்க்கும்போது சில தெளிவாகவும் சில மங்கலாகவும் தோன்றும், வாசகர் பொறுத்தருள்க.

வன்னி நாட்டுக்கு வல்லரசுப் போட்டி புதியதன்று. வன்னிமைகள் யானைகளைத் திறையாகச் செலுத்தியும் செலுத்தாதும் போர்த்துக்கேயரோடும் ஒல்லாந்தரோடும் காலத்தைக் கடத்திவந்தன. 1780களில் ஒல்லாந்தர் படை செலுத்தி அடங்காப்பற்றை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். அவ்வாட்சி வேரூன்றுமுன்னே ஐரோப்பாவில் வேறொரு புயல் எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படை 1795 சனவரியில் ஒல்லாந்தைக் கைப்பற்ற, அந்நாட்டின் தலைவராகிய ஒறேஞ்சு இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடி, இலண்டனை அடுத்த கியூ என்னுமிடத்தில் ஒதுங்கினார். அங்கிருந்து, கடல் கடந்த ஒல்லாந்தக் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி தம் தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள் வரைந்தார். வீட்டை இழந்தவர் தோட்டத்தை இரவல் கொடுத்த கதை இது. அவ்வாண்டு ஆகஸ்டில் திருகோணமலையும், அடுத்து யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் கைமாறின. 1802 மார்ச்சில் பிரான்சிலுள்ள ஆமியன்சு நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கை, இலங்கையின் கரையோரத்தை ஆங்கிலேயருக்கே உரித்தாக்கிற்று. அங்கே கையொப்பமிட்டவர்களுள் ஒருவரேனும் முல்லைத்தீவு என்ற ஊர்ப்பெயரைக் கேள்வியுற்றிருப்பாரோ என்பது ஐயமே.

அவ்வொப்பத்தை ஏற்காதவன் ஒருவன் வன்னியில் இருந்தான். பண்டார வன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். கண்டியில் அந்த யூன் மாதம் ஆங்கிலப் படை அழிந்திருந்தது. ஐரோப்பாவிலோ மே மாதத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மீண்டும் போர் மூண்டிருந்தது. பெரியவர்களின் கை வேறிடத்தில் சிக்கியிருந்த அவ்விடைவேளையில் சிறியவனுக்கு ஒரு வழி திறந்தது. இரண்டு மாதமே அது திறந்திருந்தது. ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் திரிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் அவனை முறியடித்தது. அவ்விடத்தில் நெடுங்காலம் நின்ற நடுகல், திரிபேர்க் அவனைத் தோற்கடித்த செய்தியையே ஆங்கிலத்திற் கூறிற்று. வென்றவன் நாட்டிய கல்லால் தோற்றவன் பெயர் நிலைத்தது விந்தையே. வவுனியா நகரில் இன்று சிலையாக நிற்பவன் தோற்றவன்தான்.

இது மன்னர் காலத்துக் கதை. வாக்குரிமை வந்தபின் நிலைமை மாறியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் ஆணும் பெண்ணும் சரிநிகராக வாக்களிக்கும் உரிமை இந்நாட்டுக்கு வந்தது. ஆசியாவில் அந்நாளில் அது பெரும் புதுமை. யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரசார் பூரண சுயராச்சியம் இல்லையென்று அத்தேர்தலைப் பகிட்கரித்தமையால் குடாநாட்டுத் தொகுதிகள் நான்கும் சில ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியோ பிரதிநிதியை அனுப்பிற்று. படித்தவர்கள் என்று பெயரெடுத்த நாம் வீட்டிலிருக்க, காட்டுப் பகுதியார் என்று நம்மவர் ஏளனம் செய்தவர்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும் வெறுங் கதிரை பேசுவதில்லை.

சனநாயகத்தின் உள்நோயையும் வன்னியே முதலிற் கண்டது எனலாம். 1947இல் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று வென்றவர் கணித மேதை செ. சுந்தரலிங்கம். டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரி சபையில் வர்த்தக மந்திரியாகவும் அமர்ந்தார். 1948இல் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பற்றிய சட்டங்கள் வந்தபோது, அவ்விவகாரத்தில் முரண்பட்டு அவ்வாண்டு முடியுமுன்னே பதவி துறந்தார். அவருடைய பிற்கால அரசியலில் எமக்கு உடன்பாடில்லாதன பலவுள. மாவிட்டபுரம் கோவில் வாயிலில் அவர் நின்ற நிலையை இந்துக் கல்லூரி மாணாக்கராகிய நாம் பெருமையோடு நினைக்க இயலாது. ஆயினும் அந்த ஒரு பதவி துறப்பை மறப்பதற்கில்லை. வாக்கெண்ணிக்கையால் அமைந்த பாராளுமன்றம், அவ்வெண்ணிக்கையைக் கொண்டே இலட்சக்கணக்கானோரின் வாக்கைப் பறித்தது. அந்நிய வல்லரசு எதுவும் அதைச் செய்விக்கவில்லை.

பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் அமர்ந்து அம்மக்களைப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. சீனாவோடு 1962இல் போரிட்டுக் களைத்திருந்த இந்தியாவுக்கு அயல் நாட்டின் நல்லெண்ணம் அப்போது வேண்டியிருந்தது. இரு நாடுகளும் தேர்தல் நடத்தும் நாடுகள்; கையொப்பமிட்ட இருவரும் மக்கள் ஆணை பெற்ற தலைவர்கள். எண்ணப்பட்டவர்களை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. 1970களின் பஞ்சமும் 1977ஆம் ஆண்டின் கலவரமும் அவர்களுட் பல குடும்பங்களை வன்னிக்குத் துரத்தின. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் என்னும் ஊர்களில் எம்மிடம் பயின்ற பிள்ளைகளுள் பலர் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். வீட்டில் காணி உறுதி உண்டா என்று கேட்டால் தலை குனிவார்கள்; கணக்குப் பாடத்தில் மட்டும் நிமிர்ந்திருப்பார்கள்.

1987 யூலை 29ஆம் நாள் இந்திய–இலங்கை ஒப்பந்தம் எழுதப்பட்டபோது இரு தலைவர்களும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டனர். திருகோணமலைத் துறைமுகத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் பிற நாட்டு வானொலி நிலையங்களையும் பற்றிய வாசகங்கள் அவற்றில் இடம்பெற்றன. பனிப்போர் காலத்து அச்சங்கள் அவை. அவ்வொப்பந்தத்தின் வழியே இந்தியப் படையும் வந்தது, மாகாண சபை என்ற அமைப்பும் வந்தது. படை வன்னிக் காடுகளுட் புகுந்து பெருந்துன்பம் விளைத்து 1990 மார்ச்சில் வெளியேறிற்று. சபை தாளில் இருந்தது.

இனி யாம் எழுதப்போவது எமக்கும் எளிதன்று. 2008 செப்டெம்பரில், அரசு பாதுகாப்பளிக்க இயலாதென்று அறிவித்ததன்மேல், ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகவேண்டாமென்று வாயிலில் மக்கள் திரண்டு மன்றாடியதை உலகம் படமாகக் கண்டது. 2009 சனவரி 2ஆம் நாள் அந்நகர் வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிவுற்றபோது உயிர் எஞ்சியோருள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியாவில், செட்டிகுளத்தை அடுத்த மனிக் பாம் முதலான முகாம்களில் முட்கம்பிக்குள் அடைபட்டனர். அம்மாதங்களில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை இவ்விடயத்தைத் தன் நிகழ்ச்சி நிரலில் முறைப்படி ஏற்றிக்கொள்ளவேயில்லை. இடையிடையே வெளியே கூடிப் பேசியதோடு சரி. மே 23இல் செயலாளர் நாயகம் மனிக் பாமைப் பார்வையிட்டுச் சென்றார். நான்கு நாள் கழித்து, மே 27இல், செனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானமொன்றை 29 வாக்குகளால் நிறைவேற்றிற்று. எதிர்த்தவை 12, ஒதுங்கியவை 6.

அந்த 29இல் இந்தியாவும் சீனாவும் ஒருங்கே இருந்தன, பாக்கிஸ்தானும் இந்தியாவும் ஒருங்கே இருந்தன, உருசியாவும் இருந்தது. இமயத்தில் ஒருவருக்கொருவர் பீரங்கி காட்டுவோர் முல்லைத்தீவு விடயத்தில் ஒரே கையை உயர்த்தினர். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பர் நம் முன்னோர். வல்லரசுகள் தம்முள் பொருதும்போது சிறியவர் மத்தளமாவது உண்மையே. ஆயினும் அப்போதாவது ஓசை எழும். யாரோ ஒருவருடைய எதிரி நமக்காக ஒரு சொல் சொல்லுவான். அவை இணங்கும்போது ஓசையே எழுவதில்லை. போட்டியை மட்டுமே உலகின் பெருங்கேடாக எழுதும் ஆசிரியர்களைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு இந்த 29 என்ற எண் நினைவுக்கு வருகின்றது. தேர்தல் நடத்தும் நாடுகள் ஒரு புறமும் நடத்தாதவை மறு புறமுமாக உலகம் பிரிந்து நிற்கின்றது என்பாருக்கும் அவ்வெண்ணைக் காட்டலாம்.

மூன்றாண்டில் காற்று மாறிற்று. சீனாவின் கப்பல்களும் கடனும் இலங்கைக் கரையில் பெருக, 2012 மார்ச்சில் அமெரிக்கா அதே பேரவையில் இலங்கையைக் கேள்வி கேட்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. 24 வாக்குகளால் அது வென்றது. இந்தியா ஆதரித்தது, சீனாவும் உருசியாவும் எதிர்த்தன. செத்தவர்களின் தொகை 2009இலும் 2012இலும் ஒன்றே. வாக்குகள் மட்டும் இடம் மாறின. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றிலிலும், அதே மாதம் வவுனியாவிலும் தொடர் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாக் கொட்டகையில் பிள்ளைகளின் படங்களோடு அமெரிக்கக் கொடியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியும் தொங்கின. அதைக் கண்டு முகஞ்சுழித்த நண்பர் பலர். யாம் சுழிக்கவில்லை. கொழும்பில் தட்டிய கதவு திறவாதவர், கடல் கடந்த கதவைத் தட்டுவதில் என்ன வியப்பு? ஆனால் 2018 யூனில் அமெரிக்கா அப்பேரவையைவிட்டே வெளியேறிற்று. கொடி கொட்டகையில் இருந்தது. கொடிக்குரியவர் மண்டபத்தில் இல்லை.

போருக்குப் பின் வந்த ஆக்கப் பணிகளை நோக்குவோம். ஏ-9 பெருவீதி சீனக் கடனால் புதுப்பிக்கப்பட்டது. 1990இல் நின்றுபோன வடபகுதிப் புகைவண்டிப் பாதையை இந்தியக் கடனால் இந்திய நிறுவனம் மீளமைத்து, 2013 செப்டெம்பர் 14இல் யாழ்தேவி கிளிநொச்சியை அடைந்தது. ஒரே திசையில் அருகருகே ஓடும் அவ்வீதியையும் தண்டவாளத்தையும் காணும்போது, இரு சம்பந்தி வீட்டார் போட்டியிட்டுப் பந்தல் போட்டதுபோல எமக்குத் தோன்றுவதுண்டு. பந்தலால் நமக்கு நன்மையே. பேருந்திலும் புகைவண்டியிலும் ஏறுவோர் நாமே. வண்டி வந்து ஏழாம் நாள், செப்டெம்பர் 21இல், வட மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. 1987இல் தாளில் எழுதப்பட்டது வாக்குப் பெட்டிக்கு வர இருபத்தாறு ஆண்டு சென்றது. அச்சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பின் வந்த ஆண்டுகளில் மறு தேர்தல் வைக்கப்படவில்லை.

வீட்டுத் திட்டங்களின் கதை இன்னும் சுவையானது. இந்தியா வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகளுக்கு நன்கொடை அளித்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். பகுதி பகுதியாக வீட்டுக்காரர் கையிலேயே பணம் வரும். மேசனைப் பிடிப்பதும் சீமெந்து வாங்குவதும் அவர் பொறுப்பு. பணம் போதவில்லை, கடன்பட்டோம் என்று முறையிட்டவர் உண்டு. எனினும் சமையலறை எப்பக்கம் பார்க்கவேண்டும் என்பதை வீட்டுக்காரி தீர்மானித்தாள். பின்னர் 2016இல், 65,000 உருக்கு வீடுகளை ஒரு பன்னாட்டு நிறுவனம் கொண்டுவந்து பொருத்தித் தரும் என்று அரசு அறிவித்தது. ஒன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேல். வன்னி வெயிலில் உருக்குப் பெட்டிக்குள் எவர் குடியிருப்பது? மக்களும் அவர்கள் பிரதிநிதிகளும் பொறியியல் அறிஞரும் வேண்டாமென்றனர், திட்டம் நின்றது. 2018இல் சீன நிறுவனமொன்றுக்கு 40,000 வீடுகள் கட்டும் பணி வழங்கப்பட்டு, இந்தியாவின் மனக்குறைக்குப் பின் அவ்வாண்டு ஒக்டோபரில் அது மாற்றப்பட்டு, 28,000 வீடுகள் இந்தியத் தொடர்புடைய கூட்டுக்குத் தரப்பட்டன. உருக்கு வீட்டை மறுத்தது வீட்டில் வாழவேண்டியவர்களின் குரல். சீன வீட்டை மறுத்தது வேறொரு குரல். இரண்டும் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லாயினும் ஒன்றல்ல.

அந்த 2018 ஒக்டோபர் முடியுமுன்னரே சனாதிபதி பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்தார். நவம்பரில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். கொழும்பில் இரு பிரதமர் என்று உலகம் நகைத்தது. திசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசரும் ஒருமுகமாக அக்கலைப்பு அரசியல் அமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். நீதிமன்றத்தில் நீதி கிட்டுமென்று நம்பிப் பழகாத நம்மவர் பலர் அன்று செய்தியை இருமுறை படித்தனர்.

பூநகரியின் காற்றும் போட்டிக்குட்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்று காற்றாலைகள் அமைக்க இந்தியாவின் அதானி குழுமத்துக்கு இடமளிக்கப்பட்டது. கேள்விப் பத்திரம் கோராமலே கொடுக்கப்பட்டது, விலை அதிகம், பறவைகளின் வழி அடைபடும் என்று வழக்குகள் எழுந்தன. 2025 சனவரியில் மந்திரி சபை விலை உடன்பாட்டை நீக்க, பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. காற்று பூநகரியில் முன்போலவே வீசுகின்றது. அக்காற்றின் விலை பற்றிய பேச்சு முழுவதும் கொழும்பிலும் புதுடில்லியிலும் நடந்தது என்பதைத் தவிர, எவரையும் குறைகூற எமக்கு மனமில்லை.

பசளையின் கதைக்கு வருவோம். சனநாயகத்துக்கு வரும் இடர் எங்கிருந்து வருகின்றது என்று கேட்பாருக்கு இதைவிட நல்ல பாடம் யாம் அறியோம். 2019இல் பெருவாரியான வாக்குகளால் தெரிவான சனாதிபதி, அடுத்த ஆண்டு இருபதாம் திருத்தத்தால் தம் கையில் அதிகாரத்தைக் குவித்துக்கொண்டார். விரைந்து முடிவெடுக்கும் ஆட்சி வேண்டும், பேச்சுக் கடைகள் போதும் என்று படித்தோர் பலரும் அன்று கூறினர். சீனாவைப் பாருங்கள் என்றனர். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாறவேண்டுமாம். சேதனப் பசளை நல்லதே. நம் பாட்டன்மார் ஆட்டுப்பட்டி அடைத்தே தோட்டம் செய்தனர். ஆனால் ஒரு நிலத்தை மாற்றப் பல போகம் செல்லும் என்பதைக் கமக்காரனிடம் கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். கேட்கவில்லை. விரைவு என்பதன் பொருள் அதுதான்.

தடையால் எழுந்த பஞ்சத்தை நிரப்ப வல்லரசுகள் வந்தன. சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலின் சரக்கு மாதிரியில் தீங்கான கிருமி உண்டென்று இலங்கையின் தாவரத் தடுப்புக்காப்பு அலுவலர் மறுத்தனர். கப்பல் கரை சேராது கடலில் அலைந்தது. சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஈற்றில் 67 இலட்சம் டொலர் இறக்காத சரக்குக்குக் கொடுக்கப்பட்டது. நவம்பரில் இந்திய விமானப் படையின் விமானங்கள் நனோ நைதரசன் என்ற திரவத்தை 100 தொன் கொண்டுவந்தன. அம்மாதமே தடை தளர்ந்தது, காலபோகமோ தவறிவிட்டது. நாட்டின் அந்தக் காலபோக நெல் விளைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அடுத்த ஆண்டு உக்கிரேன் போரும் சேர்ந்துகொள்ள, ஐம்பது கிலோ யூரியா மூட்டை பத்தாயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயிற்று. 2022 யூலையில் சனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். 2023இல் அமெரிக்க நன்கொடையாக 36,000 தொன் பொசுபேற்றுப் பசளை வந்தது. சீன டீசல் கமக்காரருக்குப் பகிரப்பட்டது. 2025இல் உருசியா பொட்டாசு அனுப்பிற்று. கமநல சேவை நிலையத்து வரிசையில் நின்ற கமக்காரர் ஒருவர் எம்மைப் பார்த்து, “மாஸ்ரர், நெல்லுக்கு எந்த நாட்டுக் கட்சி எண்டு தெரியாதோ?” என்று கேட்டார். யாம் மன்றத்திற் பேசிய பேச்சுகளை எல்லாம் அவ்வொரு வினா தோற்கடித்தது.

தடுப்புக்காப்பு அலுவலர் ஒருவர் ‘கூடாது’ என்று எழுதி ஒப்பமிட்டதை யாம் சிறிதாக எண்ணவில்லை. பெரிய நாடொன்றின் சரக்கை ஆய்வுக்கூடத்தில் வைத்து மறுத்த அரசாங்க ஊழியர் அவர். அவரைப் போன்ற ஒருவர், அவ்வர்த்தமானி எழுதப்பட்ட மேசையருகில் இருந்திருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவர் வாய் திறக்கும் முறை எஞ்சியிருக்கவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அஞ்சுவோர் இவ்வெற்றிடத்துக்கும் சிறிது அஞ்சுவாராக.

வன்னியில் இதற்கு நேர்மாறான ஒரு முறை உண்டு. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி, பெருங்குளத்தின் கீழ் வயலுடையோர் போகந்தோறும் கூட்டங் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாள் துருசு திறப்பது, எந்நாளுக்குள் வாய்க்கால் துப்புரவு செய்வது, எந்நாளின் பின் மாடு கட்டவேண்டும் என்று முடிவு செய்யவேண்டும். அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார். அங்கே அமைதி இராது. மேல்வாய்க்கால்காரர் ஒன்று சொல்ல, கடைவாய்க்கால்காரர் வேறொன்று சொல்வர். காணி உறுதி உள்ளவர் ஒரு புறமும் குத்தகைக்காரர் மறு புறமும் நிற்பர். சிறுபோகத்தில் குளத்து நீர் முழு வயலுக்கும் போதாது, ஆகவே பங்கு. பங்கென்றால் சண்டை. சாந்தபுரத்துக்காரருக்கு உறுதி இல்லாமையால் அக்கூட்டத்திலும் குரல் இல்லை என்ற குறையையும் யாம் மறைக்கப்போவதில்லை.

இக்கூட்டத்தார் ஒருமுறை பெரிய வங்கியொன்றை நிறுத்தினர். ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் ஒப்புக்கொண்ட திட்டப்படி இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழிக் கொண்டுசெல்வதாக இருந்தது. அவ்வங்கியின் பெரும் பங்காளர் யப்பானும் அமெரிக்காவும். கமக்காரர் தமக்கே நீர் போதாதென்று மறுத்தனர். புதிதாகத் தெரிவான மாகாண சபையில் அவர்களுக்காகப் பேச ஆளிருந்தது. இம்மலரை வாசிப்போருள் மிகப் பலர் அந்நீரை எதிர்பார்த்த குடாநாட்டார். கிணறுகள் உவர்த்துப்போன ஊர்களின் தாகமும் பொய்யன்று. எம் சொந்தத் தமக்கையார் வீட்டிலேயே தண்ணீர் பவுசருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தனர். கமக்காரரைச் சுயநலக்காரர் என்று அவர் ஏசினார். அவர் வீட்டில் உண்ட சோறு கிளிநொச்சி நெல் என்பதைச் சொல்லும் துணிவு எமக்கு வரவில்லை. முடிவில் திட்டம் திருத்தப்பட்டு, மருதங்கேணிக்கு அண்மையில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அமைத்து, 2024 ஆகஸ்டில் திறந்தனர். பதினான்கு ஆண்டு சென்றது. சீனாவில் இரண்டே ஆண்டில் முடித்திருப்பார்கள் என்று கொழும்பிலுள்ள எம் பழைய வகுப்புத் தோழர் கூறுகின்றார். இருக்கலாம். இரணைமடுக் கமக்காரரை அவர்கள் எங்கே குடியேற்றியிருப்பார்கள் என்பதையும் அவர் சொல்லவேண்டும்.

அண்மையில் யாம் சென்ற சிறுபோகக் கூட்டத்தில், பொறியியலாளர் வாசித்த நீர்மட்டக் கணக்கை முதியவர் ஒருவர் எழுந்து மறுத்தார். அணைக்கட்டுக் கம்பத்தில் அன்று காலை தாம் கண்ட அடிக்கணக்கு வேறு என்றார். கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. அரசாங்க அதிபர் சிரிக்கவில்லை. ஓர் அலுவலரை மோட்டார் சைக்கிளில் அணைக்கட்டுக்கு அனுப்பி, அவர் திரும்பும்வரை விதைப்பு ஏக்கரை எழுதாமல் வைத்திருந்தார். முதியவர் சொன்னது இரண்டு அங்குலம் பிழை. பொறியியலாளர் சொன்னது நான்கு அங்குலம் பிழை. ஏக்கர் திருத்தி எழுதப்பட்டது. பின்னர் தேநீர் வந்தது.